முன்பனி, பின்பனி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். சம்பா அறுவடை முடிந்து நெல்லைப் போட்டாயிற்று. வயலில் உளுந்து நாலு இலை விட்டு நிற்கிறது.

பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவிலிருந்து பேசினாயே, "அந்தப் பிராணி நிழலைப் பார்த்துடுச்சாம்ப்பா, இன்னும் ஆறு வாரம் குளிராம்" என்று. சொல்லிவிட்டு அப்புறம் ஒன்றுமே பேசவில்லை. அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அந்த கிரவுண்ட்ஹாக், அதுதான் வளை தோண்டி வாழும் அந்த அணில் இனப் பிராணி, அதன் சங்கதியைத் தேடிப் படித்தேன்.

பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டுவந்த வழக்கமாம் அது. அவர்களுடைய சொந்த நாட்டில் பிப்ரவரி 2-இல் வரும் மெழுகுவர்த்தித் திருநாள் என்ற கிறிஸ்தவப் பண்டிகையன்று பேட்ஜர் என்ற வளைப் பிராணியைப் பார்ப்பார்கள். வந்த இடத்தில் கிரவுண்ட்ஹாக் கிடைத்தது. அங்கே பங்ஸட்டானி என்ற ஊரில் 1887-இலிருந்து நடக்கிறதாம். அன்று வெயில் அடித்து அதன் நிழல் விழுந்தால் குளிர் நீளும், மேகம் மூடியிருந்தால் சீக்கிரம் போகும்.

படிக்கும்போதே உன் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. தை மாதம் சாயங்காலம் களத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "வானம் தெளிஞ்சிருக்கு, இன்னிக்குப் பனி கொட்டும்" என்பார். மூட்டமாக இருந்தால், "இன்னிக்குப் புழுங்கும்" என்பார். மேகம் பூமிக்குப் போர்வை மாதிரி. அது விலகினால் தரையின் சூடெல்லாம் ராத்திரியில் மேலே போய்விடும். அந்த ஜெர்மன் குடியானவர்கள் பார்த்ததும் இதைத்தான் என்று நினைக்கிறேன். தெளிந்த வானத்தோடு குளிரும் வருவதைக் கண்டவர்கள்தான் நிழலைச் சொல்லியிருக்க முடியும்.

நமக்குப் பனி வேண்டியது உளுந்துக்காக. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது நெற்பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் ராத்திரிப் பனியும்தான் அதற்கு. அதனால் பனி எப்போது விடைபெறும் என்பது தாத்தாவுக்குப் பெரிய கவலை. கயிற்றுக்கட்டிலை வாசலில் போட்டு, தலைமாட்டில் துண்டை விரித்து வைப்பார். எட்டு மணிக்கே துண்டு நனைந்தால் முன்பனி. விடியற்காலையில் மட்டும் நனைந்தால் பின்பனி. நம் முன்னோர் ஆண்டை ஆறு பொழுதாகப் பிரித்தபோது மார்கழி, தையை முன்பனி என்றும் மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் வைத்தார்கள். எத்தனை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள், பார்! பனி ராத்திரியின் பின்பக்கம் நகர்ந்துவிட்டால் கிளம்பிவிட்டது என்று தாத்தா கணக்கு வைப்பார்.

ஆனால் கிளம்பும்போதுதான் கடுமையும். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று ஆத்தா சொல்லி நீயும் கேட்டிருப்பாய். சிவராத்திரி வந்தால் சிவசிவா என்று போய்விடும் என்பார்.

அந்தப் பிராணியின் வாக்கை நினைத்து மனம் தளராதே, கண்ணு. அமெரிக்க வானிலைத் துறை பழைய கணக்கை எல்லாம் பார்த்ததில் அது சொன்னதில் பாதிகூடப் பலிக்கவில்லை. ஒரு காலை வெயிலை வைத்து ஆறு வாரத்தை யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, பிப்ரவரி 2 என்பது உங்கள் மிகக் குறுகிய பகலுக்கும், மார்ச்சில் இரவும் பகலும் சமமாகும் நாளுக்கும் ஏறக்குறைய நடுவில் வருகிறது. ஆறு வாரம் போனால் மார்ச் பாதி. நிழல் விழுந்தாலும் விழாவிட்டாலும் பாதிக் குளிரைத் தாண்டிவிட்டாய்.

போன வருஷம் மார்ச்சில் நாங்கள் வந்தபோது மேயர்ஸ்டேல் பக்கம் கூட்டிப்போனாயே, மேப்பிள் மரத்தில் வாளி கட்டியிருந்த இடத்துக்கு? அந்த மரத்தைத்தான் நான் நம்புவேன். ராத்திரி உறைந்து பகலில் இளகினால்தான் சாறு இறங்கும். மொட்டு பருக்கத் தொடங்கினால் சாற்றின் ருசி மாறிவிடும், வாளியைக் கழற்றிவிடுவார்கள். துண்டு நனைகிற நேரத்தைத் தாத்தா பார்த்ததும் இதுவும் எனக்கு ஒன்றாகவே படுகிறது.

உன் வீட்டுப் பின்பக்கத் தெருவில் ஒரு மேப்பிள் நின்றது. வாரம் ஒருமுறை போய் அதன் நுனிக்கிளையைப் பார். மொட்டு சிவந்து பருத்ததும் போன் பண்ணு, நடு ராத்திரியானாலும் சரி. இங்கே நம் வாசல் வேம்பு இலையைக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. கொழுந்து விட்டதும் நான் சொல்கிறேன்.

அம்மா கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறாள். வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா
மன்னார்குடி, மாசி 2