மீட்டர் சிமிட்டுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்பு ஆற்றல் சேமிப்புப் பாடத்தின் திருத்திய வரைவைப் படித்தோம். பல்பின் குறுக்கே சிவப்புக் கோடு, "வெளியே செல்லும்போது ______ அணைக்க வேண்டும்" என்று கோடிட்ட இடம், கடைசியில் முழக்கம் எழுதும் போட்டி. போன முறையும் இதேதான். நாங்கள் கேட்டதோ பள்ளிக்கு ஒரு மீட்டர் பலகையும், அதை வைத்து நடத்த இரண்டு பாடவேளையும். வரைவில் இரண்டுமே இல்லை.

குழாய் ஒழுகினால் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கண்ணால் தெரியும். மின்சாரம் வீணாவது தெரியாது. அதைச் சேமி என்று சொன்னால், கோடிட்ட இடத்தில் "விளக்கை" என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு, சுற்றும் மின்விசிறியை அப்படியே விட்டுவிட்டு விளையாடப் போய்விடும். பிள்ளையைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை.

பலகை பெரிய காரியமல்ல. மின்சாரம் செலவாகச் செலவாக முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர், மூன்று பிளக் பாயிண்ட், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச். எலெக்ட்ரீஷியன் பொருத்தி மூடி முத்திரையிட்டுத் தர வேண்டும். சுவிட்சை ஆசிரியர்தான் போடுவார், பிள்ளைகள் பார்ப்பார்கள், எண்ணுவார்கள். பள்ளியின் பொது மீட்டர் இதற்கு உதவாது. எங்கோ மோட்டார் ஓடும், அலுவலகக் கணினி ஓடும், எந்தச் சிமிட்டல் எதற்கானது என்று பிரிக்க முடியாது. வாங்கும்போது 5-30 ஆம்பியர் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பெரிய ஆம்பியர் மீட்டர் 9 வாட் எல்.இ.டி. பல்பின் சின்ன மின்னோட்டத்தைப் பதிவு செய்யாமலே விட்டுவிடக்கூடும்.

மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். பரவலாகக் காணப்படும் எண் 3200. அப்படிப்பட்ட மீட்டரில் 9 வாட் பல்பை மட்டும் போட்டால் ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு நிமிடம். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்திருக்கும். அடுத்து 50 வாட் மேசை விசிறி: 20 நொடிக்குச் சற்று மேல் ஒன்று. கடைசியாக 1000 வாட் இஸ்திரிப் பெட்டி: நிமிடத்துக்கு 53. சிமிட்டலுக்கு ஒரு கூழாங்கல் வீதம் கிண்ணத்தில் போடச் சொன்னால் பிள்ளைகளின் கை பின்தங்கிவிடும். வாட், யூனிட் என்ற சொற்களே அந்த வயதில் வேண்டாம், கிண்ணம் போதும்.

இஸ்திரிப் பெட்டியில்தான் சோதனை கெடும். சூடேறியதும் அதன் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திவிடும், சிமிட்டலும் நின்றுவிடும். எனவே ஆறிய பெட்டியை உச்ச அளவில் வைத்து, போட்டவுடன் எண்ணத் தொடங்க வேண்டும். பிறகு சிமிட்டல் நிற்பதையும் காட்டலாம். ஒவ்வொரு முறையும் பெட்டியை ஆறவிட்டு ஒவ்வொரு சட்டையாகத் தேய்ப்பதைவிட மொத்தமாகத் தேய்ப்பது ஏன் சிக்கனம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

"மின்விசிறி அறையைக் குளிர்விக்கும்" என்று வரைவில் இருக்கும் வரியை நீக்கிவிடுங்கள். அது தவறு. அறையில் பத்து நிமிடம் வைத்த சிவப்புத் திரவ வெப்பமானியை விசிறிக்கு முன் மாட்டினால் அளவு இறங்காது. அதன் குமிழில் ஈரத் துணியைச் சுற்றினால் இறங்கும். (காற்றில் ஈரம் மிகுந்த நாளில் குறைவாகத்தான் இறங்கும்.) விசிறி குளிர்விப்பது வியர்வை காயும் உடம்பைத்தான், காலி அறையை அல்ல. இதைப் பார்த்த பிள்ளையிடம் அணைக்கச் சொல்லும் முழக்கம் தேவைப்படாது.

சார்ஜரைப் பிளக்கிலேயே விடுவதைப் "பெரும் வீண்செலவு" என்று எழுதியிருக்கிறீர்கள். போன் மாட்டாத சார்ஜர் கால் வாட் இழுப்பதாக வைத்தாலும் ஆண்டு முழுவதற்கும் சுமார் 2 யூனிட்தான். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அதை ஒரு மணி நேரத்தில் தின்றுவிடும். வெந்நீரைப் பற்றியோ பாடத்தில் ஒரு வரிகூட இல்லை! தண்ணீரைச் சூடாக்குவதுதான் வீட்டில் மின்சாரத்தை விழுங்கும் வேலைகளில் ஒன்று என்பதை அறியாமல் ஒரு தலைமுறையே சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டுமா?

எந்தப் பாடத்தை எடுத்தாலும் இதே கதைதான். செய்து பார்க்க வேண்டியதையெல்லாம் எழுதிப் பார்க்கும் பயிற்சியாக்கி, அதற்கு மதிப்பெண்ணும் போட்டு, பிறகு பிள்ளைகளுக்கு அக்கறையில்லை என்று பெரியவர்கள் நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். ஹீட்டரை வாங்குவதும் அதன் சூட்டளவை வைப்பதும் பெரியவர்கள். பொறுப்பை மட்டும் எட்டு வயதின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். வரைவு அச்சுக்குப் போகுமுன் முழக்கப் போட்டிப் பக்கத்தை எடுத்துவிட்டு மீட்டர் சோதனையைச் சேர்த்துவிடுங்கள். இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். பள்ளிக்கு ஒரு பலகை வாங்க அனுமதி கொடுங்கள். பலகையின் இணைப்பு வரைபடமும் சோதனைக் குறிப்பும் எங்களிடம் தயாராக இருக்கின்றன. கேட்ட அன்றே அனுப்பிவைக்கிறோம்.

பணிவுடன்,
தொடக்க வகுப்பு அறிவியல் ஆசிரியர்கள்