தெரிந்துதானே இறங்குகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கார் பந்தயக் கட்டுரையில், விபத்துகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, "தெரிந்துதானே இறங்குகிறார்கள்?" என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர். ஸ்கூட்டர் ஓட்டும்போதாவது அவர் ஹெல்மெட் போடுகிறார் என்று நம்புகிறேன்.

எண்பதுகளில் சோழவரம் பந்தயங்களில் கொடி பிடித்தவன் நான். வளைவில் வைக்கோல் கட்டு, அதற்குப் பின்னால் கயிறு, கயிற்றுக்குப் பின்னால் கூட்டம். ஒருமுறை அந்த வைக்கோல் கட்டில் மோதி நின்ற காரிலிருந்து இறங்கியவரால் ஹெல்மெட் பட்டையை அவிழ்க்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. நான்தான் அவிழ்த்துவிட்டேன். உடனே அவர் கேட்டது, போன சுற்றில் தன் நேரம் என்ன என்று. ஆகவே துணிச்சலைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

வண்டி வழுக்கும், டயர் வெடிக்கும். அது தெரிந்துதான் இறங்குகிறார்கள், சரி. ஆனால் 2014-இல் ஜப்பானின் சுஸுகா தடத்தில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், மழைக்கு நடுவே டிரைவர் ஜூல்ஸ் பியாங்கி மோதியது, இன்னொரு காரைத் தூக்க வந்த டிராக்டரில். ஒன்பது மாதம் நினைவு திரும்பாமலே கிடந்து போய்ச் சேர்ந்தார். ஆபத்து, மெதுவாகப் போ என்று காட்டும் மஞ்சள் கொடிக்கு அவர் போதிய அளவு வேகத்தைக் குறைக்கவில்லை என்றும் எழுதிவைத்தது விசாரணைக் குழு. 2022-இல் அதே சுஸுகா, அதே மழை, மறுபடி தடத்தில் ஒரு டிராக்டர்! அதைக் கடந்துபோன டிரைவர் பியர் கேஸ்லி கொதித்ததில் என்ன தப்பு? டிராக்டரை இறக்குவது டிரைவரா?

டிரைவரின் தலையைச் சுற்றி வளைவாக நிற்கும் காப்புச் சட்டமான ஹாலோவைச் 'செருப்பு வார்' என்று கிண்டல் வேறு. 2020-இல் பஹ்ரைனில் தீக்குள்ளிருந்து ஏறி வந்த ரோமன் குரோஷானின் தலையைக் காத்தது அந்த வார்தான். அது வேண்டாம் என்று முதலில் சொன்னவர்களில் அவரும் உண்டு.

2023 ஆகஸ்டில் நம் இருங்காட்டுக்கோட்டையில் பைக் பந்தயத்தில் இறந்த பையனுக்கு வயது 13. அவனும் தெரிந்துதான் இறங்கினானா? அந்தச் செய்திக்கு நீங்கள் ஒதுக்கியது ஆறு வரி. அது பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு அந்த ஆறு வரிகூடக் கிடைக்கவில்லை. ராசிபலனுக்கு மட்டும் எப்போதும் முழுப் பக்கம்.

போகட்டும். கட்டுரைப் படத்தில் இருப்பது, கீழே போட்டிருப்பதுபோல் 'பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் கொடி' அல்ல. மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட அந்தக் கொடிக்கு, தடத்தில் எண்ணெயோ தண்ணீரோ இருக்கிறது, வழுக்கும் என்று அர்த்தம். அடுத்த இதழில் அதையாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
திருவள்ளூர்