நாகரிகமாக எழுதிய கடிதத்தால் வந்த வினை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வாசகர்களில் பலர் என்னைப் போல யாரோ ஒரு ஊர்ப் பிள்ளைக்குப் பிணை முகவரி கொடுத்தவர்களாக இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனை, குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போன இடத்தில் பிடித்து ஹீத்ரோப் பக்கத் தடுப்பு முகாமில் போட்டுவிட்டார்கள். அவனுடைய அகதி விண்ணப்பம் முன்னரே நிராகரிக்கப்பட்டது. புதிய ஆதாரங்களோடு கொடுத்த மனு இன்னும் கிடப்பில். பிணை விசாரணையில் நீதிபதி முதலில் கேட்டதே எங்கே தங்குவார் என்றுதான். ஈஸ்ட்ஹாமில் எங்கள் சின்ன அறையைக் கொடுத்தோம். இஸ்திரிப் பலகையும் மனைவியின் தையல் மெசினும் இருந்த அறை. ஒன்றிரண்டு மாதம்தானே என்று நினைப்பு.

அவன் வந்து ஏழாவது மாதம் மகள் பிள்ளைப்பேற்றுக்கு எங்களிடம் வந்தாள். வீட்டுச் சொந்தக்காரரும் ஆள் கணக்குக் கேட்கத் தொடங்கினார். சரி, பிணையில் இருப்பவனுக்கு ஹோம் ஒபிஸ் (இங்கத்தைய உள்துறை அமைச்சு) வீடு தரும் என்று இருந்தோம். கடையில் கதைக்கிற எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சுத்தப் பிழை.

2018 ஜனவரிக்குப் பிறகு பிணையில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் வீடு கிடைப்பதில்லை. 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 10ஆவது அட்டவணை, விசேட காரணம் இருந்தால்தான் என்கிறது. அதில் மறுத்தால் மேன்முறையீடும் கிடையாது, ஜுடிஷியல் ரிவியூ (நீதிமன்ற மீளாய்வு) ஒன்றுதான். எங்கள் பெடியனைப் போல, மனு கிடப்பில் இருக்க ஒதுங்க இடமில்லாதவர் தட்டவேண்டிய கதவு வேறு: 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. முதல் விண்ணப்பமே இன்னும் முடிவாகாதவருக்கு 95ஆம் பிரிவு. லோயரிடம் வேலை செய்யும் பிள்ளை இதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள்தான் ஏழு மாதம் கேட்காமல் இருந்தோம்.

4ஆம் பிரிவில் வீடு கேட்கும் விண்ணப்பத்தோடு, இனி இவரை வைத்திருக்க முடியாது என்று நான் ஒரு கடிதம் கொடுக்கவேண்டும். அவன் குசினியில் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருக்கிறான். நான் ஹோலில் இருந்து அவனை வெளியே போகச் சொல்லி எழுதுகிறேன். கை வரவில்லை. "இடநெருக்கடி அதிகம், எனினும் வேறு ஒழுங்கு கிடைக்கும்வரை இயன்றதைச் செய்வோம்" என்று முடித்தேன். பதில் வந்தது: இவரைத் தொடர்ந்து வைத்திருக்க அந்த வீட்டார் தயார், ஆகவே இவர் ஆதரவற்றவர் அல்ல. என் வசனத்தையே எடுத்துப் போட்டிருந்தார்கள்!

மேன்முறையீட்டுக்கு மூன்று வேலைநாட்கள்தான். மறுப்புக் கடிதம் வெள்ளிக்கிழமை பின்னேரம் கைக்கு வந்தது. அன்றிரவே இரண்டாவது கடிதம் எழுதினேன். "இம்மாதம் 28ஆம் திகதி காலை அவர் அறையை விட்டுப் போகவேண்டும். அதன் பிறகு படுக்கையோ சாப்பாடோ தரமாட்டேன்." அவ்வளவுதான். இங்கிலீஷைத் திருத்தித் தந்ததும் அவன்தான். "கடுமையாத்தான் இருக்கு மாமா, ஆனா இதுதான் சரி" என்றான். அவனுக்கு யார் யார் எவ்வளவு கைமாற்றுத் தந்தார்கள் என்ற கணக்கையும் ஒரு கொப்பித் தாளில் எழுதிச் சேர்த்தோம். நீதிபதி தொலைபேசியில் என்னிடமும் நாலு கேள்வி கேட்டார். மேன்முறையீடு வென்றது.

கிடைத்தது இங்கிலாந்தின் வடக்கே மிடில்ஸ்பரோவில், நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு அறை. எந்த ஊர் வேண்டும் என்று கேட்க உரிமை இல்லை. கிழமைக்கு 49 பவுண் சொச்சம் ஒரு அட்டையில் விழும், அதைக் காசாக எடுக்க முடியாது. லண்டனில் இருக்கும் லோயரைப் பார்க்க அவன் நடந்தா வருவது?

ஒன்று சொல்ல மறந்துபோனேன். வீடு மாறமுதல் பிணை முகவரியை எழுத்தில் மாற்றுவிக்கவேண்டும். இல்லையென்றால் அது பிணை மீறல், திரும்பவும் தடுப்பு முகாமில் போடலாம்.

உங்கள் பத்திரிகையில் லோயர் விளம்பரங்களுக்குப் பக்கத்தில், அந்த இரண்டாவது கடிதத்தின் மாதிரி ஒன்றைப் போடுவீர்களா? பெயர்களை மறைத்து என்னுடையதையே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈஸ்ட்ஹாம், லண்டன்.