தாளம் போட்டவளுக்கும் பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான, 1970களின் கலக இசையான பங்க் ராக் பற்றிய வரலாற்றுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன்; முதல் முறை ஆவலோடு, இரண்டாம் முறை, நான்தான் தவறாகப் படித்துவிட்டேனோ என்ற ஐயத்தோடு. 1977 மே மாதம் தி க்ளாஷ் குழு பிரிட்டனில் நடத்திய சுற்றுப்பயணத்தைப் பக்கம் பக்கமாக விவரித்த கட்டுரையாளர், அதே மேடைகளில் ஏறிய தி ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழுவை, வாசிக்கத் தெரியாத ‘தோழியர்’ சிலரும் உடன் சென்றனர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தாங்கள் அறியாததல்ல. அந்தத் ‘தோழியரில்’ பாடகியான ஆரி அப்புக்கு அப்போது வயது 15; 1976இல் குழு தொடங்கியபோது 14. டிரம்ஸ் வாசித்த பலோமா ரொமெரோ ஸ்பெயினிலிருந்து வந்தவர். க்ளாஷின் பால் சிமனன் வாயில் பலோமா என்ற பெயர் நுழையாததால் அது ‘பாமாலிவ்’ ஆகி, சோப்புக்கட்டியின் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. அந்தப் பெயரையாவது அச்சிட்டிருக்கலாம். க்ளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரின் காதலி என்று மட்டும் குறிப்பிட்டதில் கட்டுரையாளருக்கு என்ன நிறைவோ!

வாசிக்கத் தெரியாதவர்கள் என்கிறார். தொடக்கத்தில் தெரியாதுதான். ஆனால் அதே பால் சிமனன், விரலை எங்கே வைப்பது என்று தெரிவதற்காகத் தம் பேஸ் கிதாரின் கழுத்தில் சுரங்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தவர். 1977 தொடக்கத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவில் சேர்ந்த சிட் விஷஸுக்கு பேஸ் வாசிக்க வராது என்பது ஊரறிந்த செய்தி. அதைக் கட்டுரையாளர் ‘கலகம்’ என்று போற்றுகிறார். ஆண் தப்பாக வாசித்தால் கலகம். பெண் தப்பாக வாசித்தால் வெறும் தப்பு.

நான் 1976இல் யாழ்ப்பாணத்திலிருந்து தாதியர் பயிற்சிக்காக லண்டன் வந்தவள். மறு ஆண்டு செப்டம்பரில், இரவுப் பணி இல்லாத ஒரு நாள், பக்கத்து அறைக்குக் கேட்காதபடி வானொலியின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, பிபிசி தொகுப்பாளர் ஜான் பீலின் நிகழ்ச்சியில் ஸ்லிட்ஸ் குழுவினரைக் கேட்டேன். ஊரில் ஆறு ஆண்டுகள் வீணை பயின்று, தாளம் நிற்கவில்லை என்று நாள்தோறும் குட்டு வாங்கியவளுக்கு, பாமாலிவின் தாளம் முன்னே ஓடுவதும் தடுமாறுவதும் நன்றாகவே தெரிந்தது. தடுமாறிய இடத்தில் அவர் நிறுத்தவில்லை என்பதும் தெரிந்தது. அன்றிரவு நான் உறங்கவில்லை.

1979இல் டெனிஸ் போவெல் தயாரிப்பில் அவர்களுடைய முதல் இசைத்தட்டான ‘கட்’ வந்தபோது பாமாலிவ் விலகியிருந்தார். அதை வாங்கச் சென்ற கடையில், தம்பிக்கா வாங்குகிறீர்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தம்பியே கிடையாது. அதில் ‘நியூடவுன்’ என்ற பாட்டில் தீப்பெட்டி குலுங்கும் ஓசையும், குச்சி உரசும் ஓசையும், கரண்டி விழும் ஓசையும் தாளத்தோடு சேர்ந்து வரும். அடியில் டெஸ்ஸா பொலிட்டின் பேஸ், ஜமைக்காவின் ரெகே இசையின் நடையில், அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். வாசிக்கத் தெரியாதவர்கள் இரண்டு ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் அது. உடலில் சேறு பூசி நிற்கும் மூவரின் அட்டைப்படத்தை அரைப் பக்கத்துக்கு அச்சிடத் தங்களுக்கு இடம் இருந்தது. அந்தக் கரண்டிக்கு ஒரு வரி இல்லை.

பழையதைக் கிளறுவது என் நோக்கமன்று. ஆனாலும், 2010இல் ஆரி அப் தம் 48ஆம் வயதில் புற்றுநோயால் மறைந்தபோது நான் அனுப்பிய இரண்டு பக்க அஞ்சலி, நான்கு மாதம் கழித்து மூன்று வரியாக வெளிவந்ததையும், தங்கள் மெய்ப்புத் திருத்துநர் ‘பங்க் இசை’யைப் ‘பங்கு இசை’ என்று திருத்தியருளியதையும், கீழே என் பெயருக்கு முன் ‘திரு.’ சேர்த்ததையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த இசையில் எனக்கு எத்தனை விழுக்காடு என்று கேட்ட உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்த இதழில் திருத்தம் என்ற தலைப்பில் நான்கு பெயர்களை மட்டும் அச்சிடுமாறு வேண்டுகிறேன்: ஆரி அப், பாமாலிவ், கிதார் வாசித்த விவ் ஆல்பர்ட்டீன், டெஸ்ஸா பொலிட். பங்க் என்பதில் ககரத்தின் மேலுள்ள புள்ளி தவறாமல் இருக்கட்டும். என் பெயரை வெளியிட வேண்டியதில்லை, ‘திரு.’ சேர்க்கும் சிரமமாவது தங்களுக்கு மிச்சமாகும்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
டூட்டிங், லண்டன்