ஓதம் வற்றும் கரைக்குப் பாய்மரப் படகில் போகிறவர்களுக்குத் திறந்த மடல்

வாரயிறுதியில் சிங்கப்பூரின் தென்தீவுகளுக்குப் படகெடுக்கும் நண்பர்களே, வணக்கம்.

புலாவ் ஹந்துவின் பெரிய தீவுக்கும் சின்னத் தீவுக்கும் நடுவே, ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) வற்றினால் நடந்தே கடக்கலாம். இப்படிப்பட்ட கரைகளில் ஓதம் உச்சத்தில் இருக்கும்போது நுழைந்து நங்கூரம் போடுவதை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

கடல் வரைபடத்தில் அடிக்கோடிட்ட எண் ஆழமல்ல, வற்றியபின் தரை மேலெழும் உயரம். 0.6 என்றிருக்கும் இடத்தில் ஓதம் 2.8 மீட்டர் ஏறினாலும் தண்ணீர் 2.2 மீட்டர்தான். கீல், அதாவது படகின் அடித்தண்டு, நீருக்குள் 1.8 மீட்டர் இறங்கும் படகுக்கு மிச்சம் 40 சென்டிமீட்டர். அந்த ஓதம் ஆறு மணி நேரத்தில் 0.4 மீட்டருக்கு வற்றுமானால், முதல் மணியில் 20, இரண்டாவதில் 40 சென்டிமீட்டர் இறங்கும். ஒன்றரை மணி நேரத்தில் கீல் தட்டிவிடும், கட்டிக்கொண்டு போன பிரியாணியைச் சாப்பிட்டு முடிப்பதற்குள்!

இது தோராயக் கணக்கு. நம் கடலில் ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் சமமாக இருப்பதில்லை. பெரிய ஏற்றத்தின் உச்சியில் தட்டிய படகை அடுத்த ஏற்றம் தூக்காமல் போகலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தட்டினால் இன்னும் மோசம், இரண்டு வாரம்கூடக் காத்திருக்க நேரும். கடல்துறை, துறைமுக ஆணையத்தின் ஓத அட்டவணையில் அன்றைய இரண்டு உயரங்களையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நுழைவதானால் ஓதம் ஏறிக்கொண்டிருக்கும்போது நுழையுங்கள். தட்டினாலும் சற்று நேரத்தில் தானே மிதக்கும். ஆழமானி காட்டுவது கீலுக்குக் கீழிருந்தா, நீர்மட்டத்திலிருந்தா என்பதையும் முன்பே உறுதிசெய்யுங்கள்.

வெளியே ஆழத்தில் நிறுத்திவிட்டுச் சிறுபடகில் கரையேறுவதே எங்கள் யோசனை. குழாய், கேபிள் போகும் இடங்களில் நங்கூரத் தடை வரைபடத்திலேயே குறித்திருக்கும். சங்கிலியை உச்ச ஓதத்தின் ஆழத்துக்கு அளந்து விடுங்கள்: தண்ணீர் 5 மீட்டர், நீருக்கு மேல் படகின் முகப்பு உயரம் 1 மீட்டர் என்றால் இரண்டும் சேர்ந்ததற்கு நான்கு மடங்கு, 24 மீட்டர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்னே வரக்கூடிய சுமத்ரா சூறைக்காற்று படகைச் சுழற்றிவிடும். அந்த வட்டத்துக்குள் பவளத்திட்டு வரக்கூடாது. நங்கூரம் மணலில் விழட்டும், பவளத்தில் வேண்டாம்.

தட்டிவிட்டால் எஞ்சினை முறுக்காதீர்கள். குளிர்நீர்க் குழாய் சேற்றை உறிஞ்சி, பம்பு இறக்கை கருகிவிடும். படகு சாய்வதற்குள், ஆட்களைத் தரை மேடான பக்கம் உட்காரவைத்து அந்தப் பக்கமே சாயவிடுங்கள். பள்ளப் பக்கம் சாய்ந்தால் ஓதம் திரும்பும்போது படகு நிமிரும் முன்பே தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். கடல்நீர் வால்வுகளையும் கேஸ் சிலிண்டரையும் உடனே மூடுங்கள்.