மேல் பொத்தான்

தக்கலை

மக்களே,

நீ அனுப்பிய நாடகத்தை இரண்டு தடவை வாசித்தேன். மூத்த மகள்களுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அவர்கள் கைவிட்டதும் புயலில் நிற்கிற ஷேக்ஸ்பியரின் லியர் அரசனைக் குலசேகரத்து ரப்பர் தோட்டக்காரர் ஆக்கியது பிடித்திருக்கிறது. வீடியோ காலில் அவர் மூன்று மகள்களிடமும் 'என்மேல் யாருக்குப் பாசம் அதிகம்' என்று கேட்க, துபாயிலிருந்து மூத்தவள் உருகுகிற இடத்தில் சிரித்தே விட்டேன். புயல் காட்சியை ஒக்கிப் புயலாக மாற்றியதும் சரிதான். 2017 நவம்பர் 30 அன்று மரங்கள் முறிந்த சத்தத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. மின்னலுக்கெல்லாம் மெனக்கெடாதே. விளக்கை அணைத்துவிட்டு அந்தச் சத்தத்தை மட்டும் கேட்க விடு.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. பத்திரப்பதிவு ஆபீசில் காலம் தள்ளியவள் கண்ணுக்கு அது தப்புமா? பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பிள்ளைகள் கைவிட்டால் ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனுப் போட்டு ரத்து செய்யலாம். 2007-இல் வந்த மூத்த குடிமக்கள் சட்டம், 23-ஆம் பிரிவு. நாகர்கோவிலில் நாடகம் போட்டால் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, 'இந்த ஆள் மழையில் எதற்கு நிற்கிறார், ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகவேண்டியதுதானே' என்று கேட்பார். அதற்கும் வழி இருக்கிறது. பத்திரம் எழுதுகிறவர், 'நிபந்தனை ஏதாவது போடவா?' என்று கேட்கட்டும். 'என் பிள்ளைகளுக்கா நிபந்தனை!' என்று லியர் சீறட்டும். அப்படிச் சீறிவிட்டுக் கையெழுத்துப் போட்ட எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

(மருமக்கள்வழி நடந்த காலத்து நாஞ்சில் நாட்டில் கதையை வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. குடும்பச் சொத்து சகோதரி பிள்ளைகளுக்கல்லவா போகும்!)

அப்புறம் முடிவு. கடைசி மகளைப் பிழைக்க வைத்துவிட்டாய். இந்தக் காலத்து ஜனங்கள் அவ்வளவு துக்கம் தாங்கமாட்டார்கள் என்கிறாய். அந்தக் காலத்து ஜனங்களும் தாங்கவில்லை. 1681-இல் நேஹம் டேட் என்பவர், ஷேக்ஸ்பியர் சாகடித்த கடைசி மகள் கார்டீலியாவை உயிரோடு விட்டு, அதே நாடகத்தில் வருகிற எட்கர் என்ற பிரபு மகனோடு ஜோடியும் சேர்த்து மாற்றி எழுதினார். இங்கிலாந்தில் ஏறக்குறைய 150 வருஷம் அந்த முடிவுதான் மேடையேறியது. 1838-இல் மக்ரெடி என்ற நடிகர் பழைய முடிவோடும், டேட் எடுத்துவிட்டிருந்த கோமாளியோடும் நடித்துக் காட்டினார். ஆக, நீ செய்திருப்பது புதுமை இல்லை. முந்நூறு வருஷத்துப் பழசு.

அவளைப் பிழைக்க வைத்ததால் இன்னொன்றும் போய்விட்டது. செத்த மகள் பக்கத்திலிருந்து லியர் ஒரு பொத்தானைக் கழற்றிவிடச் சொல்வாரே, அந்த வரி. உன் தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி ராத்திரி, மூச்சு வாங்கிக்கொண்டே சட்டையைக் காட்டினார். மேல் பொத்தானைக் கழற்றிவிட்டேன். தோட்டத்தில் ஒரு சென்ட்கூட எனக்கு எழுதவில்லையே என்ற கோபம் அப்போதும் போகவில்லை. ஆனாலும் கழற்றினேன். அவர் 'ம்' என்றார்.

அந்த வரியைத் திரும்ப வை. உன் தோட்டக்காரர் கடைசிக் காட்சியில் வெறும் துண்டோடு வருகிறார். அவருக்கு ஒரு சட்டை போட்டு விடு.

அம்மா