நவம்பர் மழையில் கொலோன் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் வாடகை மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு கூடிய வண்டி) எடுத்துக்கொண்டு நவம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் போவதாக எழுதியிருந்தாய். வானிலை அறிக்கையில் வாரம் முழுக்க மழை என்றிருப்பதால் ரத்து செய்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். ரத்து செய்ய வேண்டாம். மழைக்காலத்தில் சுற்றிப் பார்க்க ஏற்ற நகரங்களில் கொலோனும் ஒன்று. இதே தயக்கம் வேறு பலருக்கும் இருக்கும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறோம்.

கூரைமேல் விழும் மழையை வண்டி பார்த்துக்கொள்ளும். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை மூன்று: வண்டிக்குள் சேரும் ஈரம், சக்கரத்துக்கு அடியில் இளகும் மண், பக்கத்தில் ஓடும் ரைன் ஆற்றின் மட்டம். இவற்றில் ஆட்கள் அதிகம் கோட்டை விடுவது முதலாவதில்தான்.

கணக்கைப் பார். ஏழு மீட்டர் நீள வண்டியின் உள்ளே சுமார் 15 கன மீட்டர் காற்று இருக்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மொத்தமாகக் கால் லிட்டர், அவ்வளவுதான். இருவர் தூங்கி எழுவதற்குள் மூச்சிலும் வியர்வையிலுமாக அதைவிட அதிக நீர் வெளியேறிவிடும். மிச்சம் ஜன்னலிலும், உலோகச் சட்டங்களிலும், கண்ணுக்குத் தெரியாமல் மெத்தையின் அடியிலும் படியும். இரண்டாம் நாள் போர்வை ஜில்லென்று இருக்கும், மூன்றாம் நாள் பூஞ்சை வாடை வரும்.

இதற்கு மருந்து ஜன்னலைத் திறப்பது, மழை பெய்துகொண்டிருந்தாலும். வெளிக்காற்று 8 டிகிரியில் முழு ஈரத்தோடு இருந்தாலும் ஒரு கன மீட்டரில் 8 கிராம் நீராவிதான் இருக்கும். அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆக வெளியே கொட்டும் மழைக்காற்று உன் வண்டிக்குள் இருக்கும் காற்றைவிட உலர்ந்தது. காலை எழுந்ததும், சமைத்ததும், படுக்கப் போகுமுன்னும் எதிரெதிர் ஜன்னல்களை ஐந்து நிமிடம் நன்றாகத் திறந்துவிட்டு மூடு. ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். சூடாக்காமல் திறந்தால் பயனில்லை, திறக்காமல் சூடாக்கினாலும் பயனில்லை. ஜூலையில் 20 டிகிரி மழை பெய்யும்போது இந்த வித்தை பலிக்காது, நவம்பரில் நன்றாகப் பலிக்கும். இரவில் கூரை ஜன்னல் ஒன்றைக் காற்று அடிக்காத பக்கமாக விரல் அகலம் திறந்து வை.

தரையிலும் கூரையிலும் எப்போதும் திறந்தே இருக்கும் சிறு காற்றுத் துளைகள் உண்டு. குளிர்கிறதே என்று துணியை வைத்து அடைத்துவிடாதே. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கி அந்தத் தரைத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

சமையலில் கவனம் வேண்டும். ஒரு கிலோ புரோப்பேன் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீர் உண்டாகிறது. அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது, எனவே அந்த நீர் முழுவதும் உங்களோடு உள்ளேயே தங்கும். இட்லி அவிப்பதையும் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிடுவதையும் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூடி போட்ட சமையல், அடுப்புக்கு மேலே கூரை ஜன்னல் திறப்பு, இந்த இரண்டும் போதும். ஹீட்டர் அப்படியல்ல, அதன் புகை குழாய் வழியாக வெளியே போய்விடுவதால் அறைக்கு உலர்ந்த சூட்டை மட்டுமே தரும். அடுப்பை ஏற்றிவைத்து வண்டியைச் சூடாக்குவதை ஒருபோதும் செய்யாதே. ஈரம் ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு மறுபக்கம். அது உயிருக்கே ஆபத்து.

பல வாடகை வண்டிகளில் ட்ரூமா நிறுவனத்தின் காம்பி ஹீட்டர்தான் இருக்கும்; அறையையும் குழாய் நீரையும் அதுவே சூடாக்கும். எரிவாயுவில் ஓடும் 4 கிலோவாட் வகை முழு வேகத்தில் மணிக்கு 320 கிராம் எரிக்கும். 11 கிலோ சிலிண்டர் ஒன்று அப்படி ஓடினால் 34 மணி நேரம்தான் தாங்கும். நவம்பர் மழையில் முழு வேகம் தேவைப்படாது. ஆனாலும் இரண்டு சிலிண்டரும் நிரம்பியிருக்கின்றனவா என்று வண்டியை எடுக்கும்போதே தூக்கிப் பார். மாற்றும்போது நினைவிருக்கட்டும், எரிவாயு இணைப்பின் மரை இடப்புறமாகச் சுற்றினால்தான் இறுகும்.

இந்த ஹீட்டரில் இன்னொரு விஷயம் புதிதாக எடுப்பவர்களைப் பதற வைக்கும். சுற்றுப்புறம் சுமார் 3 டிகிரிக்குக் கீழே போனால், குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க ஒரு பாதுகாப்பு வால்வு தானே திறந்து கொதிகலனின் 10 லிட்டர் நீரையும் வண்டிக்கு அடியில் கொட்டிவிடும். காலையில் கீழே குட்டையைப் பார்த்துக் கசிவு என்று நினைத்து, வண்டியை வாடகைக்குக் கொடுத்தவருக்குப் போன் செய்பவர்கள் உண்டு. கசிவல்ல. ஆனால் வால்வு திறந்திருக்கும்போது நீர் பம்பும் ஓடினால் டேங்க் முழுவதும் காலியாகும். முதலில் ஹீட்டரைப் போட்டு உள்ளே சூடாக்கு. வால்வு இருக்கும் இடம் 7 டிகிரியைத் தாண்டிய பிறகே அதை மூட முடியும். வால்வு எங்கே இருக்கிறது என்று வண்டியை எடுக்கும்போதே காட்டச் சொல்.

நனைந்த ஜாக்கெட், குடை, காலணி மூன்றும் குளியலறைக்குள் போக வேண்டும். அங்கே ஒரு சூடான காற்று வாய் இருக்கும். அதைத் திறந்து, கதவை மூடி, மேலே கூரைத் துளையைத் திறந்துவிட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். இருக்கையின் முதுகில் ஈரத் துணியைக் காயப்போட்டால் அந்த நீரைத்தான் இரவில் சுவாசிக்க வேண்டியிருக்கும். படுக்கையை விட்டு எழுந்ததும் மெத்தையின் ஓரத்தைத் தூக்கிச் சாய்த்து வை. ஓட்டுநர் பகுதிக் கண்ணாடிகளைக் காலையில் ஒரு ரப்பர் துடைப்பானால் வழித்து, நீரைத் துணியில் ஒற்றி வெளியே பிழிந்துவிடு.

வண்டியை எடுக்கும்போதே உள்ளே மேல் மூலைகளையும், கூரை ஜன்னல் சட்டத்தின் ஓரங்களையும் விரலால் அழுத்திப் பார். மெத்தென்று அமுங்கினால் பழைய கசிவு. படம் எடுத்து ஒப்பந்தத்தில் எழுதச் சொல். பயணத்தின் நடுவில் ஈரம் தெரிந்தால் இப்படிப் பிரித்தறியலாம்: குளிர்ந்த பரப்பெல்லாம் பொதுவாக ஈரமானால் அது உங்கள் மூச்சு, ஒரே இடத்தில், மழைக்குப் பிறகு மட்டும், துடைத்தாலும் திரும்ப வந்தால் அது கசிவு.

மின்சார இணைப்புக்கு நீல நிற மூன்று முனைப் பிளக் இருக்கும். கேபிள் உருளையில் மிச்சம் சுற்றிக் கிடந்தால் சூடேறும், முழுவதும் அவிழ்த்துவிடு. இணைப்பு முனை தண்ணீர் தேங்கும் இடத்தில் கிடக்கக் கூடாது. வண்டியின் சாக்கெட்டுக்கு முன் கேபிள் சற்றுத் தொங்கி மேலேறினால் மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. சில இடங்களில் 6 ஆம்பியர்தான் தருவார்கள், அதாவது 1,380 வாட். 2,000 வாட் ஃபேன் ஹீட்டரைப் போட்டால் ஃபியூஸ் விழும். மழை இரவில் அதைச் சரிசெய்ய ஆள் வரமாட்டார்.

இனி மண். புல்தரையைக் கண்டதும் ஆசைப்படாதே, சரளைக்கல் அல்லது சிமென்ட் தளம் கேள். பெரும்பாலான மோட்டார்ஹோம்கள் முன்சக்கர இழுவை கொண்டவை. படுக்கையும் சாமான்களும் பின்னால் இருப்பதால் எடையும் பின்னால் போய்விடும். இழுக்க வேண்டிய சக்கரத்தில் பாரமில்லை, ஈரப் புல்லில் அது சுழல்வதைத் தவிர வேறென்ன செய்யும்? புல்தான் கிடைக்கும் என்றால் வண்டியின் முகம் வெளியேறும் பாதையைப் பார்த்திருக்கும்படி நிறுத்து. சரிவு இருந்தால் முகம் பள்ளத்தைப் பார்க்கட்டும். உயரம் சமன்செய்யும் ஆப்புகளுக்கு அடியில் பலகை வை, இல்லையேல் காலையில் அவை மண்ணுக்குள் இருக்கும். மாட்டிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதே, ஒவ்வொரு சுழற்சியும் குழியை ஆழமாக்கும். முன்சக்கரத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் பிடிப்புத் தட்டுகளைச் செருகி, மனைவியை முன் இருக்கையில் உட்காரச் சொல்லி, இரண்டாம் கியரில் மெதுவாக எடு. தட்டுகளுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, சக்கரம் அவற்றைப் பின்னோக்கி எறியும்.

பக்கவாட்டில் விரியும் கூரைத் துணியை மழையில் விரித்தால், அதைத் தாங்கும் இரண்டு கால்களில் ஒன்றை மற்றதைவிட நன்றாக இறக்கி வை. 10 சதுர மீட்டர் துணியில் 10 மில்லிமீட்டர் மழை தேங்கினால் 100 கிலோ. துணியைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும், சில சமயம் சுவரோடு பெயர்ந்தும் வரும். வெளியே கிளம்பும்போதும் தூங்கும்போதும் சுருட்டிவிடு.

ரைன் நதிக்கு வருகிறோம். கொலோனில் மோட்டார்ஹோம் நிறுத்துமிடங்களில் முக்கியமானவை ஆற்றங்கரையில் இருக்கின்றன: இடது கரையில் ரீல் பகுதி, ரோடன்கிர்ஹென், வலது கரையில் போல். அழகான இடங்கள், ஆற்றுக்கும் சொந்தமான இடங்கள். கொலோன் அளவுகோலில் வழக்கமான மட்டம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். 6.20 மீட்டரில் முதல் எச்சரிக்கைக் குறி, அப்போது கப்பல்கள் வேகத்தைக் குறைத்துப் போக வேண்டும். 8.30 மீட்டரில் கப்பல் போக்குவரத்து நின்றுவிடும். 1995 ஜனவரியில் 10.69 மீட்டர் வரை ஏறியது.

கொலோனில் பெய்யும் மழை ஆற்றை உயர்த்துவது குறைவு. ரைனில் கலக்கும் மோசல், மைன், நெக்கர் ஆறுகளின் பக்கம் பெய்ததுதான் இங்கே வந்து சேரும். அதனால் நகரத்தில் வானம் வெளுத்திருந்தாலும் ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம். போகுமுன்னும், தங்கும்போது தினமும், கொலோன் மட்டத்தோடு, ஆறு வரும் திசையில் மேலே இருக்கும் கோப்லென்ஸ் நகர மட்டத்தையும் இணையத்தில் பார். இரண்டும் ஏறுமுகம் என்றால் நிறுத்துமிட அலுவலகத்தில் கேள். காலி செய்யச் சொன்னால் உடனே கிளம்பு; கதீட்ரலைப் பார்த்துவிட்டு மாலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. நீங்கள் நிற்கும் இடம் உயரமாக இருக்கலாம், அங்கே வரும் சாலை அதற்கு முன்பே மூழ்கும். பழைய நகரத்துக் கரையில் கடிகார முகம் கொண்ட நீர்மட்டக் கோபுரம் ஒன்று இருக்கிறது. சின்ன முள் மீட்டரையும் பெரிய முள் பத்து சென்டிமீட்டர்களையும் காட்டும். நடந்து போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.

சாலையைப் பற்றி இரண்டு வார்த்தை. வேக வரம்புப் பலகைக்குக் கீழே "பை நேஸ்ஸ" என்றிருந்தால் சாலை ஈரமாக இருக்கும்போது மட்டும் அந்த வரம்பு பொருந்தும், நவம்பரில் அது உனக்குத்தான். மழையால் 50 மீட்டருக்கு மேல் தெரியவில்லை என்றால் சட்டப்படியே 50 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நகரின் பெரும்பகுதி பச்சை ஸ்டிக்கர் வேண்டிய சுற்றுச்சூழல் வலயம். ஜெர்மன் வாடகை வண்டியில் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும், நெதர்லாந்திலோ பெல்ஜியத்திலோ எடுத்தால் நீயே வாங்க வேண்டும். மூன்று மீட்டர் உயர வண்டியோடு அடுக்குமாடிப் பார்க்கிங் தேடி நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். கரையில் நிறுத்திவிட்டு டிராமில் போங்கள். ரீலிலிருந்து 18ஆம் எண், ரோடன்கிர்ஹெனிலிருந்து 16ஆம் எண், இரண்டும் கதீட்ரல் நிலையத்துக்குப் போகும்.

1248இல் தொடங்கி 1880இல் முடிந்த அந்தக் கதீட்ரல் கோபுரத்தின் 533 படிகளை மழை நாளில் ஏறாதீர்கள், மேலே மேகம்தான் தெரியும். உள்ளே தெற்குப் பக்கத்தில் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2007இல் வடிவமைத்த வண்ணச் சதுரங்களின் ஜன்னல் இருக்கிறது, அதன் முன் நேரம் செலவிடுங்கள். பக்கத்திலேயே லுட்விக் அருங்காட்சியகம். அது திங்கட்கிழமை விடுமுறை. திங்கள் மழையில் மாட்டினால் கொலும்பா அருங்காட்சியகத்துக்குப் போங்கள்: போரில் இடிந்த தேவாலயத்தின் சுவர்கள்மேல் கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் எழுப்பிய கட்டடம், விடுமுறை செவ்வாயன்று. பழைய நகரத்தைச் சுற்றி ரோமனெஸ்க் என்னும் இடைக்காலக் கட்டடப் பாணியில் 12 தேவாலயங்கள் இருக்கின்றன. ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பத்துப் பக்க மாடம் கொண்ட செயிண்ட் கெரியோனைத் தேர்ந்தெடுங்கள்.

மாலையில் மதுக்கடைக்குப் போனால் கோல்ஷ் பியர் 0.2 லிட்டர் சிறு கிளாஸில் வரும். காலியானதும் கேட்காமலே அடுத்ததை வைப்பார்கள், போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து கிளாஸ்மேல் மூடு. ஆறு ஏறிக்கொண்டிருக்கும் இரவுகளில் ஓட்டுபவர் குடிக்க வேண்டாம், வண்டியை எந்த நேரத்திலும் நகர்த்த வேண்டிவரலாம்.

அன்புடன்,
அண்ணனும் அண்ணியும்

பி.கு.: கூரைத் துணியை ஈரமாகச் சுருட்டியிருந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுக்குமுன் மழை விட்ட நேரத்தில் விரித்துக் காயவிடு. முடியாவிட்டால் ஈரமாக இருக்கிறது என்று வண்டியை வாடகைக்குக் கொடுத்தவரிடம் சொல்லிவிடு. சொல்லாமல் விட்டால் சில நாளில் கரும்பூஞ்சை பிடிக்கும், அடுத்து எடுப்பவர் அதைத்தான் விரிப்பார்.